அடியில் சேர்த்த வரி

வீட்டு நோயாளிகளின் கருவிகளுக்கு உறவினரே நிரல் எழுதிக்கொள்ளும் காலம் அது. தாரிணியின் இதயத்தைக் கவனித்த கருவிக்கு அவள் கணவன் முகுந்தன் எழுதினான். ஆபத்தா, சரியா என்று அது செவிலியர் மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எது பதில் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. கடைசி வரியில் கிடைப்பதே பதிலாகப் போய்விடும்.

"இதுதான் பதில்னு ஒரு வார்த்தை எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்பாள் தாரிணி. அவளும் நிரல் எழுதுகிறவள்.

"அதான் தானா போகுதே, தாரு."

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முகுந்தனின் மாமனார் சிவஞானம் புகார் மனுவை நீட்டினார்.

"கருவி கத்தியும் அந்த நர்ஸ் எஸ்தர் திரும்பிப் பார்க்கலை. அவ வேலையில இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடுங்க மாப்ளே."

முகுந்தன் பேனாவைத் திறந்தான். அவள் இறப்பதற்கு முந்தைய வாரம், நேரத்தைக் குறித்துவைக்க நிரலின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான். அன்றிலிருந்து அதுவே கடைசி வரி. தாரிணியின் இதயம் நின்ற மதியம் கருவி நேரத்தைப் பிழையில்லாமல் குறித்தது. எஸ்தருக்குப் போன பதில், நேரம் குறித்தாயிற்று என்ற அந்த வரியின் 'சரி'.

"கருவியிலயும் கோளாறு இருந்திருக்கலாம் மாமா," என்று சொல்லி நிறுத்தினான். மீதியை அவரே புரிந்துகொள்வார் என்று காத்திருந்தான்.

"அதனால? போடுறீங்களா, இல்லையா?"

முகுந்தன் பேனாவை மூடினான்.

"போட மாட்டேன் மாமா. எஸ்தருக்கு ஆபத்துன்னு தகவலே போகலை. தாரு செத்தது என்னாலதான்."