சர்வர் அறையின் பச்சை விளக்கு

ரிப்பேர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு சர்வர் அறைக்குள் கால் வைத்ததுமே, உள்ளே இருந்த தாடிக்காரர் அவரை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் தூசி படிந்து கிடந்த தன் செருப்பைக்கூட மாட்டவில்லை.

"சர்வர் இப்பதான் சார் நின்னுபோச்சு. ஆபீஸ் ஃபைல் மொத்தமும் இதுலதான் இருக்கு" என்றார் வாசலுக்கு வெளியே நின்ற மேனேஜர் அம்மா.

ரிப்பேர்காரர் ஒயரை மாற்றினார். ஹார்ட் டிஸ்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

அரைகுறை வேலை என்ற பேச்சு அவருக்கு ஆகவே ஆகாது. எங்கே போனாலும், வாசலைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். இங்கேயும் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. உள்ளே வந்தார், தொடுவதற்கு முன்பே எரிந்தது. வெளியே போனார், அணைந்தது. அதற்குத் தெரியாமல் நழுவுவதுபோல் பின்பக்கமாக நடந்தும் பார்த்தார். பலிக்கவில்லை. மறுபடி உள்ளே வந்து நின்றார்.

"நாளைக்கு வரேம்மா. பொண்ணை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரணும்."

"முன்னாடி வந்தவரும் இதையேதான் சார் சொன்னாரு. அந்தப் பொண்ணுக்கு இப்ப கல்யாணமே ஆயிருக்கும்."

ரிப்பேர்காரர் வாசலில் கிடந்த தூசி படிந்த செருப்பைப் பார்த்தார். "அப்ப அவரு எப்படி வெளிய போனாரு?"

"அதான் நீங்க வந்துட்டீங்களே."

மேனேஜர் அம்மா குனிந்து, அவருடைய செருப்பை அந்தப் பழைய ஜோடிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.