செவ்வாய்க்கிழமை சேர்ந்த வரி

14 மார்ச் 2041, வியாழன்

என் தவறு இன்றுதான் தெரிந்தது. செவ்வாய் மாலை கணினி வகுப்பில் என் நிரலைத் திரையில் காட்டியபோது, தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அதிலேயே இருந்தது. அதைத் தனிக் கோப்பில் மறைத்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். பதினோரு பேர் பார்த்தார்கள்.

அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவர் இறந்துபோன என் அப்பா. அவர் பேசியதெல்லாம் வரிவரியாக அதில் இருக்கிறது. அதைக் கொண்டுதான் சமையலறைத் திரை அவர் குரலில் அம்மாவோடு பேசுகிறது.

இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னாள்.

"உங்கப்பா மன்னிப்பு கேட்டாருடி, என்னை வேலையை விட வச்சதுக்கு. இருபத்தாறு வருஷமா வாயில வராத வார்த்தை. செத்தப்புறம் கத்துக்கிட்டாரு பாரு!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அந்த மன்னிப்பு செவ்வாய் மாலை ஏழு இருபதுக்கு, வகுப்புக் கணினி ஒன்றிலிருந்து சேர்க்கப்பட்டிருந்தது. அம்மா வேலையை விட்ட கதையை அன்று தேநீர் இடைவேளையில் எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். எழுதியது யாரென்று தெரியவில்லை. வெளியார் எழுதியதை உடனே அழிக்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

விரலை அழிக்கும் பொத்தானில் வைத்தபோது சமையலறையில் அப்பாவின் குரல் கேட்டது.

"கஸ்தூரி, இன்னும் கோவமா?"

உயிரோடு இருந்தவரை அவர் அப்படியும் கேட்டதில்லை.

"இல்லீங்க," என்றாள் அம்மா.

நாளை செய்ய வேண்டியது: கடவுச்சொல்லை மாற்றித் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த வரியைத் தொடக் கூடாது.