நாலு மாடு எட்டானால்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்திருந்த சிவகணேஷ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த விஜயஸ்ரீ சரியென்றால்தான் வந்த காரியம் கைகூடும்.

"இப்போ எத்தன மாடு?"

"நாலு. அடுத்த வருஷம் எட்டாக்கணும். புதுசா தொழுவம் போடணும்."

"பால் யாரு கறக்குதாங்க?"

"அம்மா."

"சாணி அள்ளுதது?"

"அதுவும் அம்மாதான்."

"அப்போ கூட வரப்போற நாலு மாட்டுக்கு?"



கதவோரம் நின்ற அவள் அப்பா பதறினார். "ஏட்டி, பொண்ணு பாக்க வந்தவர்கிட்ட கேக்குத கேள்வியா இது?"

"வேற யாருகிட்டப்பா கேக்க? அந்த நாலும் என் தலையிலல்லா விடியும்!"

சிவகணேஷ் நாற்காலியை முன்னால் நகர்த்தினான். "அடுத்த வருஷத்துக்கு இன்னொண்ணும் இருக்கு. நான் பால் கறக்கப் படிக்கணும்."

விஜயஸ்ரீ அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு? ஆவணியில கல்யாணத்த வைங்கப்பா. அதுக்குள்ள இவரு படிச்சிரட்டும்."