ஜான் பிளெட்சரின் கையெழுத்து

சடகோபன் சார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைச் சுவரின் முன் நின்றார். எங்களையும் கழற்றச் சொன்னார்.

ஸ்ரீரங்கத்துக்காரர். கல்லில் எழுத்தைக் கண்டால் செருப்போடு நிற்க அவருக்கு வராது.

மெயின் கார்டு கேட் அருகே, இடித்தது போக மிஞ்சிய சுவர். சரித்திர வகுப்பு முழுவதும் வெயிலில் வெறுங்காலோடு நின்று, அதில் இங்கிலீஷில் செதுக்கியிருந்த ஒரு பெயரைத் தரிசித்தோம். ஜான் பிளெட்சர், 1753.

"யுத்தத்துல இங்க காவல் நின்ன சிப்பாய். பிராணன் போறதுக்கு முன்னாடி பேரைச் செதுக்கியிருக்கான்" என்றார் சார்.

பிராணன் போனது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து காவல்காரர் தைரியராஜ் கத்தினார். அவர் பிடியில் ஹபீபுல்லாவின் மணிக்கட்டு. ஹபீபுல்லாவின் கையில் காம்பஸ். சுவரில் 'ஹபீ' வரை வந்திருந்தது.

"புராதனச் சின்னத்தைப் பாழ் பண்றியா? நாளைக்கே டி.சி. வாங்கிண்டு போ!" என்று பாய்ந்தார் சார்.

ஹபீபுல்லா, தென்னூரில் சுருட்டு சுற்றுகிறவரின் மகன். அந்தத் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். இப்படி ஒரு டி.சி.யோடு போனால் வேறெந்தக் காலேஜும் சேர்க்காது. அவனும் சுருட்டு சுற்ற உட்கார வேண்டியதுதான்.

"அந்த ஆளு செதுக்கினா சரித்திரம், நான் செதுக்கினா குத்தமா சார்?"

"அவன் செதுக்கி நூத்தியெண்பது வருஷமாச்சுடா!"

"அப்ப என்னையும் நூத்தியெண்பது வருஷம் கழிச்சு விசாரிங்க சார்."

வகுப்பு சிரித்தது. சார் நோட்டைச் சுவரில் வைத்து, அங்கேயே பிரின்ஸிபாலுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒரே சுவர். ஒருவனுக்குப் பாத பூஜை, மற்றவனுக்கு டி.சி. அதிலும் ஹபீபுல்லா தன் சொந்தப் பெயரைத்தான் எழுதினான். அந்த யோக்கியதைகூட பிளெட்சருக்குக் கிடையாது.

"சார், பிளெட்சரைச் செதுக்கினது நான்தான்" என்றேன்.

போன ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். தைரியராஜ் பக்கத்து நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். புளித்த மோரும் அடுப்புக்கரியும் பூசி எழுத்துக்கு வயசேற்றினேன். சார் பார்த்ததும் கண்டுபிடித்துத் திட்டுவார் என்று நம்பித்தான் செய்தேன்.

சார் நிமிரக்கூட இல்லை.

"சிநேகிதனுக்காகப் பொய் சொல்லாதே, சௌரி. அந்த எழுத்தோட கம்பீரம் என்ன! நம்மவா கைக்கு அது வருமா?"

செய்த குற்றத்தைக்கூட என் கணக்கில் வைக்க மாட்டேன் என்கிறார் மனிதர்!

ஹபீபுல்லாவின் காம்பஸைப் பிடுங்கிப் பக்கத்துக் கல்லில் ஆரம்பித்தேன். அதே வால் சுழித்த 'ஜே'. அதே சாய்ந்த 'ஓ'.

மூன்றாவது எழுத்தில் சாரின் கை என் கையைப் பிடித்தது.

"போதும்."

கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"தைரியராஜ், அவனை விட்டுடு."

பிறகு சுவரிடம் சொல்கிறவர்போல மெல்லச் சொன்னார்:

"பிளெட்சரைப் பத்தின என் கட்டுரை நேத்துதான் மெட்ராஸ்ல அச்சாச்சு."