போன இரண்டு விரல்கள்

ஆவூர் கிராம சபையில் பந்தல் கிழிசல் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. மரியசெல்வம் வலது கையைத் துண்டுக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். போன வருடம் கண்ணாடிவிரியன் கடித்தபோது மருந்து உயிரைக் காத்தது. இரண்டு விரல்களைக் காக்கவில்லை. நர்ஸ் ஷர்லி மைக்கில் விளக்குகிறாள். பாம்பு விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். ஊருக்கு ஊர் விஷம் மாறும்; வேறு ஊர்ப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து இங்கே முழுதாகக் கேட்காமல் போகலாம். “நம்ம பக்கத்து விஷத்தையும் ஆராய அரசாங்கம் பணம் ஒதுக்கணும். சம்மதம்னா கை தூக்குங்க.” “மொதல்ல ரோட்டப் போடச் சொல்லுங்க” என்று யாரோ முனகுகிறார். துண்டு நழுவ, மரியசெல்வத்தின் கை உயர்கிறது. “மாமா, மூணு வெரலுக்கு அரை ஓட்டுதான்” என்கிறான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெலிக்ஸ். “போன ரெண்டுக்கும் சேத்துத்தான்டா தூக்குறேன்.” பெலிக்ஸின் கையும் மெல்ல எழுகிறது. பின்வரிசையில் வளையல்கள் குலுங்குகின்றன.