நாலாவது கால்

மூன்றாவது காலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டுச் சகாதேவன் நிமிர்ந்தான். லாரி டிரைவர் மறுபடியும் ஹாரனை அழுத்தினான்.

கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டம் செங்கம் ரோட்டை அடைப்பதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டுமாம். பழனி வரைக்கும் போகிற வண்டி.

லாரியில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, குறுக்கே மூங்கிலும் கட்டியாயிற்று. அவன் விற்றுவிட்ட பெட்டைக் குதிரை சிட்டு ஏற வேண்டியதுதான் பாக்கி. குலுங்குகிற வண்டியில் குதிரை தன் காலைத் தானே மிதித்துக்கொள்ளும், பலகையில் போய் இடித்துக்கொள்ளும். அதற்குத்தான் குளம்பிலிருந்து முட்டி வரைக்கும் துணி சுற்றுவது. இறுக்கினால் ரத்தம் கட்டிக்கொள்ளும். தளர்த்தினால் அவிழ்ந்து காலில் சிக்கி, குதிரை மிரண்டு லாரியையே உதைத்துப் பிரித்துவிடும். ஜட்கா ஓட்டிப் பிழைத்தவனுக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

நாலாவது கால்தான் அவனைப் படுத்தியது.

வலது முன்னங்கால். போன சித்திரைப் பௌர்ணமிக்கு, ஜட்கா தாங்குவதைப் போல ரெண்டு பங்கு ஆட்களை அடைத்துக்கொண்டு மலை சுற்றப் போனான். ஆசை யாரை விட்டது. அடி அண்ணாமலை தாண்டி ஒரு பள்ளத்தில் சிட்டுவின் கால் மடங்கியது.

மூலிகைப் பத்துப் போட்டு, எண்ணெய் நீவி, எப்படியோ தேற்றிவிட்டான். நடந்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினாலும் தெரியாது. வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றால்தான் அந்தக் கால் மெல்லத் தரையை விட்டு எழும்பும்.

பழனி வரைக்கும் நிற்கத்தான் வேண்டும்.

மணியம்மாள் அவன் பெண்டாட்டி. அந்த ஒரு காலுக்கு மட்டும் ஜாஸ்தியாகச் சுற்றச் சொல்லி, தான் போர்த்திக்கொள்ளும் கம்பளியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்திருந்தாள். இல்லாவிட்டால் இறங்கும்போது சிட்டு நொண்டியாகத்தான் இறங்கும் என்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கம்பளித் துண்டு இப்போது ஜட்காவுக்குள், வைக்கோலுக்கு அடியில் கிடந்தது.

எடுத்தால் போச்சு. மூன்று கால் மெல்லிசாகவும் ஒரு கால் தடிப்பாகவும் இருந்தால் பச்சைப் பிள்ளைகூட ஏன் என்று கேட்கும். தீபத்துக் குதிரைச் சந்தை இன்றோடு கலைகிறது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் வந்து நின்ற பிறகு ஜட்காவை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? இந்த வியாபாரமும் முறிந்தால் வீட்டில் அடுப்பு எரியாது, சிட்டுவுக்குக் கொள்ளும் கிடையாது.

சிட்டு மூக்கால் அவன் முதுகை இடித்தது. சும்மா இரு என்று அதட்டினான். அதட்டிவிட்டு அவனுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

வாங்கியிருப்பவள் பெயர் ஆராயி, பழனிக்காரி. பொம்பளைக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்கிற நினைப்பில்தான் அவனுக்குத் துணிச்சலே வந்தது. மற்ற வியாபாரிகள் சிட்டுவின் வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள், ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், கடைசியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். இவள் பல்லைப் பார்க்கவில்லை. ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். கால் வலிக்கிறதென்று ஜட்காவுக்குள் ஏறி வைக்கோல்மேல் உட்கார்ந்துகொண்டு, டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை சிட்டு சும்மா நிற்பதை வேடிக்கை பார்த்தாள்.

எதற்காக வாங்குகிறாள் என்று அவன் கேட்கவேயில்லை. சிட்டு கிளம்பினால் பஸ்ஸே பின்னால்தான் வரும் என்று அளந்துகொண்டிருந்தான். மத்தியானம் அவள் பேரம் பேசாமல் சரி என்றபோது, சரியான ஏமாளி கிடைத்தாள் என்று நினைத்தான். அந்தச் சந்தோஷம் நாலாவது காலைத் தொடும்வரைக்கும்தான் இருந்தது.

ஆராயி வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"நாலு காலுக்கும் ஒரே மாதிரி சுத்துனாப் போதுங்களா?"

சகாதேவனின் கை நின்றது. ஜட்கா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"போதும்மா. நாலும் ஒண்ணுதான்."

அவள் ஜட்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள்.

நாலாவது காலையும் மற்றதைப் போலவே சுற்றினான். முடிச்சு ரெண்டு தடவை நழுவியது. மண்மேட்டை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தியிருந்த லாரியில் ஏற மாட்டேன் என்று சிட்டு பின்வாங்கியது. கழுத்தைச் சொறிந்து, நாக்கைச் சொடுக்கி, வாடி கண்ணு என்றான். அவன் குரலை நம்பி ஏறிவிட்டது. சகாதேவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

கதவைச் சாத்த டிரைவர் வந்தான். ஆராயி அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் பின்னால் ஏறினாள். நேரே போய் வலது முன்னங்காலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். சகாதேவன் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கீழே நின்ற சகாதேவன் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் முடிந்தது, குதிரையை இறக்கிவிடப் போகிறாள் என்று நினைத்தான்.

"ஓட்றதுக்கு வாங்கலீங்க, குட்டி எடுக்கத்தான் வாங்கியிருக்கேன்" என்றாள் தலையைத் தூக்காமல். "ஊரு போற வரைக்கும் இது நிக்கணும். அதான் எனக்கு வேணும்."

டிரைவர் ஹாரனை அழுத்தப் போனான். அவள் கண்டுகொள்ளவில்லை. ஒரு கையால் சிட்டுவின் காலைத் தாங்கியபடி, இன்னொரு கையைச் சகாதேவனிடம் நீட்டினாள்.

"அந்தக் கம்பளிய எடுத்துட்டு வாங்க. காலையிலேயே வைக்கோலுக்கு அடியில தட்டுப்பட்டுதுங்க, ஒரு காலுக்கு அளவா."