தொண்ணூறாவது அளவீடு

கோட்டில் பல் முளைத்திருந்தது.

திரையில் தெரிந்த வரைகோட்டில் வழவழப்பாக ஒரு மேடு மட்டும் இருக்க வேண்டிய இடம். அங்கே சீப்பு மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள்.

இது என்ன என்று அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைச் சரிபார்த்தவர் கேட்டிருந்தார். பதில் சொல்ல இன்று மாலை வரை நேரம்.

கோப்பின் தேதியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு.

அவளுடையது இல்லை. ஜெனிஷுடையது.

இரண்டு மேசை தள்ளி நான்கு வருடம் வேலை பார்த்தவன். நாகர்கோவில்காரன். ஊருக்குப் போய்வந்தால் நேந்திரங்காய் வறுவலை எல்லோருக்கும் நீட்டுவான். அவள் மேசையில் மட்டும் தனிப் பொட்டலம் இருக்கும்.

கல்லைச் சூடாக்கும் முன் எடுத்த அளவு இது. இனி எடுக்க முடியாது.

ஒலிவின் என்ற பச்சைப் படிகம். எழுபது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எரிமலையோடு ஏறி வந்தது. அந்த ஆழத்துப் படிகத்தில் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை. ஹைட்ரஜனாகப் பிரிந்து, அணு இல்லாத காலி இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். சூடு இருக்கும்வரை ஒரு காலி இடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கல் ஆறிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்று பார்க்கத்தான் அவள் அதை ஆயிரம் டிகிரியில் வைத்தாள். முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், பின்னால் எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது. மூன்று வருட உழைப்பு இந்த ஒரு கோட்டில் நிற்கிறது.

அந்த அளவை எடுத்த அன்று அவள் கருவியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கருவிக்கு விவஸ்தை கிடையாது. கல்லுக்குள் இருக்கும் ஹைட்ரஜனையும் மனிதர் மூச்சில் இருக்கும் ஈரத்தையும் ஒரே இடத்தில் காட்டும், கல்லை மேடாக, மூச்சைப் பல்லாக. அதனால் பெட்டிக்குள் காய்ந்த காற்று இரைந்து ஓடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவர் முகக்கவசம் போட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. முந்நூறு அளவீடு. பத்து நிமிடம்.

அவன் வந்து பின்னால் நின்றான்.

அவனுக்கு நார்வேயில் வேலை கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட மறுநாள்தான் கடைசி நாள்.

“போகண்டாம்னு நீங்க சொன்னா நான் இருந்திருவேன்.”

அவள் திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

பேசாதே, மிஷின் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த ஆய்வகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் காட்டுகிற கைதான்.

முடித்துவிட்டுத் திரும்பினாள். ஆள் இல்லை.

தேடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவனே வந்து இன்னொரு தரம் கேட்பான் என்று இருந்தாள். கோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கல்லை உலையில் வைத்தாள்.

அவன் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவனை வழியனுப்பக் கேக் வெட்டினார்கள். அவளும் ஒரு துண்டு தின்றாள்.

போகிற போக்கில் கேட்டிருப்பான், பதிலுக்குக்கூட நிற்கவில்லையே. ஒன்றரை வருடமாக இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நம்பவும் பழகிவிட்டாள். நம்பிய பிறகும் அவன் வேண்டும் என்றுதான் இருந்தது.

இப்போது கோட்டைப் பிரித்தாள். முந்நூறு அளவீட்டின் சராசரிதான் அந்தக் கோடு. கெட்டதை நீக்கி நல்லதை மட்டும் சேர்த்தால் கட்டுரை பிழைத்துவிடும். ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

எண்பத்தொன்பது வரை வழவழப்பு.

தொண்ணூறில் பல்.

அங்கேதான் அவன் வாயைத் திறந்திருக்கிறான். ஒரு வாய் மூச்சைக் காய்ந்த காற்று அரை நிமிடத்தில் துடைத்துவிடும். நூற்றைந்தாவது அளவீட்டில் பல் இருக்கக் கூடாது.

இருந்தது.

நூற்றிருபதில் இருந்தது. நூற்றைம்பதில் இருந்தது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. பக்கத்தில் ஓர் ஆள் நின்று மூச்சு விடுகிற மாதிரியே.

இருநூற்றுப் பத்து வரை.

இரண்டு நொடிக்கு ஓர் அளவீடு. நூற்றிருபது அளவீடு.

அவள் கையை உயர்த்திய பிறகு நான்கு நிமிடம் நின்றிருக்கிறான்.

பல் முளைத்ததையெல்லாம் நீக்கினாள். மிச்சத்தைச் சேர்த்தாள். மேடு சுத்தமாக வந்தது. பதிலை அனுப்பினாள். வேலை தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மதியம் மூன்று மணி. அங்கே காலையாக இருக்கும். அவனுடைய வாட்ஸாப் படத்தில் பனி மட்டும் இருந்தது, ஆள் இல்லை. அழைத்தாள்.

“சொல்லுங்க,” என்றான். ஏதோ நேற்றுப் பேசியவன் மாதிரி.

நலம் விசாரிக்க, கட்டுரையைப் பற்றிச் சொல்ல, என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

“அன்னைக்குக் கை காட்டினது மிஷினுக்காக,” என்றாள். “அதுக்கப்புறம் நாலு நிமிஷம் நின்னீங்களா?”

அழைப்பு துண்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அஞ்சு,” என்றான். “கதவுக்கு வெளிய ஒரு நிமிசம்.”